ஒரு சிப்பம், ஒன்பது கை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் உங்கள் ஈரோடு பதிப்பில் வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒரு சிப்பம் அரிசி, அதைப் பிடித்தபடி ஒன்பது கை, நடுவே தலை குனிந்து ஒரு பெண். படத்தில் இருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

மஞ்சள் மண்டியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான், சி.எஸ்.ஐ. சபைக்காரன். மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு மாதம் கட்டிலோடு கிடந்தாள். சபையிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஜெபம். எல்லாம் நல்லதுதான். பெட்பேன் எடுக்க ஆள்தான் இல்லை. தெருக்கோடியில் குடியிருக்கும், தறி ஓட்டும் பெண் ஒருத்தி காலை ஐந்தரைக்கு வந்துவிடுவாள். உடம்பு துடைத்து, சேலை மாற்றி, தலை வாரிவிட்டு, ஏழு மணிக்குத் தறிப்பட்டறைக்கு ஓடுவாள். ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் அவளுக்கு நன்றி சொல்லச் சொல்லி ஆயரிடம் கேட்கப்போவதாகச் சொன்னேன். "ஏனுங்கண்ணா, பேரைச் சொல்லிப்போட்டீங்கன்னா நாளைக்கு நான் வரமாட்டனுங்க" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

"உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக" என்ற ரோமர் 12-ஆம் அதிகார வசனம் ஓய்வுநாள் பள்ளியிலேயே எங்களுக்கு மனப்பாடம். மாயம் என்றால் ஏதோ மந்திர வேலை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் மேடை நடிகனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். வேஷம் கட்டாத அன்பு என்று பொருள்.

அடுத்த வருடம் நூல் விலை ஏறி அவர்கள் பட்டறை நின்றுபோனது. கிறிஸ்துமஸ் உதவிப் பட்டியலில் அவள் பெயரும் ஏறியது. மைக்கில் பெயரைக் கூப்பிட்டார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். படம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. பிளஸ் ஒன் படிக்கும் அவள் மகனிடம் கூடப் படிக்கிற பையன்களே அதைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு அவளுக்குக் கொடுத்த சிப்பத்தைப் பிடித்திருந்த கைகளில் ஒன்று என்னுடையது. வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்று மத்தேயு 6-இல் இருக்கிறது. எங்கள் இடது கைகளில் செல்போன் இருந்தது.

என் அம்மா காலத்தில் பிடியரிசி என்று ஒரு வழக்கம். உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கட்டிக் கோயிலுக்கு எடுத்துப் போய்ப் பொதுப் பெட்டியில் கொட்டுவோம். பொன்னி, ஐ.ஆர். எட்டு, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அந்தச் சோறு பாதி குழைந்தும் பாதி வேகாமலும் இருக்கும் என்று வாங்கிப் போனவர்கள் சிரிப்பார்கள். யார் வீட்டு அரிசி என்று மட்டும் ஒருவராலும் சொல்ல முடியாது.

ஈரோட்டில் பிரப் ரோடு என்றால் எல்லோருக்கும் தெரியும். அது லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆஸ்திரேலிய மிஷனரி ஒருவரின் பெயர். அதே மிஷன் காலத்தில் வெயிலில் வீடு வீடாக நடந்து பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த பைபிள் ஸ்திரீகளின் பெயரை இப்போது யாரைக் கேட்பது? அதற்காக அவர்களுக்கும் ரோடு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாக்களே கூச்சப்பட்டிருப்பார்கள்.

உங்களிடம் என் விண்ணப்பம் ஒன்றுதான். சபையோ சங்கமோ கட்சியோ, இப்படிப்பட்ட படம் வந்தால் வாங்குகிறவர் முகத்தைப் போடாதீர்கள். முகம் வராது என்று தெரிந்தால் பாதிப் படங்கள் உங்கள் அலுவலகத்துக்கே வராது என்பது என் கணக்கு. கொடுப்பதும் குறைந்துவிடுமே என்றார் எங்கள் கமிட்டியில் ஒருவர். குறையலாம். போன கிறிஸ்துமஸுக்கு நாங்கள் பட்டியல் வாசிக்கவில்லை. இருட்டிய பிறகு இரண்டு பேர் வண்டியில் கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். நான்கு சிப்பம் குறைவாகத்தான் சேர்ந்தது.

அந்தப் பெண் இப்போதும் ஞாயிறு தவறாமல் வருகிறாள். மகன் வாசல் வரை டி.வி.எஸ். வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வராமல் திருப்பிக்கொண்டு போகிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு