பாஸ்வேர்டு சரி, கடிகாரம் தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தே அலுவலகக் கணக்கு பார்க்கிறவள் நான். வி.பி.என். (இணையம் வழியே அலுவலக சர்வரோடு இணைக்கும் பாதுகாப்பான தனி வழி) நுழைவுக்கு அண்மையில் புதிய முறை வந்தது: பாஸ்வேர்டை அடித்து, அதன் வாலிலேயே செல்போன் செயலி காட்டும் 6 இலக்க எண்ணையும் (ஓ.டி.பி.) சேர்க்க வேண்டும். சேர்த்தேன். ‘பிழை 691’ என்றது விண்டோஸ். பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறாம்.

கேப்ஸ் லாக் பார்த்தேன். பாஸ்வேர்டை நோட்பேடில் அடித்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன் (அப்புறம் அழித்துவிட்டேன், திட்ட வேண்டாம்). 5 முறை தவறியதும் கணக்கே பூட்டிக்கொண்டது. உதவி மையத்தில் புது பாஸ்வேர்டு தந்தார்கள்; மறுபடி 691. மறுநாள் இன்னொன்று, அதற்கும் 691.

மூன்றாவதாகப் பேசிய இளைஞர்தான் சர்வர் லாகை, அதாவது நுழைவு முயற்சிகளை சர்வர் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். “மேடம், பாஸ்வேர்டு சரியாத்தான் வருது. ஓ.டி.பி.தான் ஒத்துப்போகல. உங்க போன்ல இப்ப மணி என்ன?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதற்கும் தாமதமாகக் கூடாதென்று போன் மணியை 5 நிமிடம் முந்தி வைத்திருப்பது என் நெடுநாள் பழக்கம். அந்த எண்ணோ 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவது. ஒரே ரகசியச் சாவி போனிலும் இருக்கிறது, சர்வரிலும் இருக்கிறது. இரண்டும் தத்தம் கடிகாரத்தைப் பார்த்துத் தனித்தனியே எண்ணைக் கணக்கிடுகின்றன. முன்பின் அரை நிமிடம் போல சர்வர் பொறுத்துக்கொள்ளும். 5 நிமிடம் பொறுக்காது. நான் அனுப்பியதெல்லாம் அதற்கு இன்னும் பிறக்காத எண்கள்! நேரத்தைத் தானாக அமையும்படி மாற்றினேன், அடுத்த முயற்சியிலேயே இணைந்தது.

பாஸ்வேர்டா ஓ.டி.பி.யா, எந்தப் பாதி தவறென்று திரையில் சொன்னால் திருடனுக்குத் துப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அவரே விளக்கினார். சரிதான். ஆனால் திரையில் மறைத்தது லாகில் இருக்கிறதே. பாஸ்வேர்டை மாற்றித் தருமுன் அதை ஒருமுறை புரட்டியிருந்தால் எனக்கு இரண்டு நாள் மிஞ்சியிருக்கும். நம் கணினி தேர்ந்தெடுத்த அங்கீகார முறையை (ஆளைச் சரிபார்க்கும் வழியை) சர்வர் ஏற்காவிட்டாலும் இதே 691 வருமாம். அதற்கு எத்தனை பாஸ்வேர்டு மாற்றி என்ன பயன்?

எல்லாப் பிழை எண்ணும் இப்படி மழுப்புவதில்லை. 809 வந்தால் பாஸ்வேர்டைத் தொடவே வேண்டாம். சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை, பல நேரம் நடுவில் ஏதோ ஃபயர்வால் (இணையப் போக்குவரத்தை வடிகட்டும் காவல் அரண்) 500, 4500 எண் போர்ட்டுகளை, அதாவது தரவு போய்வரும் வாசல்களை, அடைத்திருக்கும். 13801 என்றால் பெரும்பாலும் சான்றிதழ்க் கோளாறு; இணைப்பில் தன்னை யாரென்று காட்டும் மின்னணு அடையாள அட்டைதான் சான்றிதழ். அங்கேயும் கணினியின் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது. தேதி தப்பினால் நல்ல சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும்.

இந்த எண்களையும் பொருளையும் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டிப் போட்டால், வெட்டி மேசையில் ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து கணக்கெழுதும் ஒரு வாசகி