செயலாளரின் ஆண்டறிக்கை: இரண்டு கணக்கு முறைகளும் நம் ஞாயிறு ஆட்டமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்திருக்கும் பிரிட்ஜ் சீட்டாட்ட அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்த்துவிட்டுச் செல்லவும். தேய்ந்துபோன சீட்டுக்கட்டுகளை மாற்றியாயிற்று. ஞாயிறு மாலை ஆட்டம் தடையில்லாமல் நடந்து வருகிறது.

இடத்துக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மண்டபத்தில், சீட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே மறுத்துவிட்டார்கள். இனி இப்படிக் கேட்பவர்களிடம் நாம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். ரம்மி பெரும்பாலும் திறமையை நம்பிய ஆட்டம் என்று 1967-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அதிலுள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் பகிரும்போது வரும் அதிர்ஷ்டத்தைப் போன்றதே என்றது. பிரிட்ஜ் ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதன்முதலாக இடம்பெற்றது 2018-இல், ஜகார்த்தாவில். அந்த முதல் ஆண்டிலேயே 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் ஆடவர் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் கொண்டுவந்தார்கள். நம் மேசையில் காசு வைத்து ஆடுவதும் கிடையாது.

இந்த ஆண்டு உறுப்பினர்களிடையே அதிகம் பேசப்பட்டது கணக்கு முறை பற்றித்தான். பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிறு, எத்தனை ஜோடிகளை முந்தினோம் என்று எண்ணும் மேட்ச் பாயின்ட், மறு ஞாயிறு டீம் ஆட்டமாக, புள்ளி வித்தியாசத்தின் அளவை அட்டவணைப்படி மாற்றிக் கணக்கிடும் இம்ப் என்று மாற்றி மாற்றி நடத்தினோம். போர்டு என்பது ஒரு முறை பகிர்ந்த சீட்டுகளின் ஆட்டம். "இம்ப்பில் ஒரே போர்டில் எல்லாம் போய்விடுகிறது, அது அதிர்ஷ்டம்" என்றனர் ஒரு சாரார். "மேட்ச் பாயின்டில் எதிராளி உளறினால் நமக்கு டாப் (அந்த போர்டில் முதலிடம்), அதுதான் அதிர்ஷ்டம்" என்றனர் மறு சாரார். இரு தரப்பும் சொல்வதில் உண்மை உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எதிரெதிரே அமரும் இருவர் ஒரு ஜோடி. எத்தனை டிரிக் (நால்வரும் ஒரு சீட்டுப் போடும் சுற்று) எடுப்போம் என்று முதலில் ஏலம் கேட்பார்கள்; வென்ற கேள்விதான் கான்ட்ராக்ட். அதை ஆடுபவரின் பார்ட்னர் விரித்து வைக்கும் கை டம்மி.

எல்லா மேசைக்கும் அதே சீட்டுகள் போவதால், நல்ல கை யாருக்கு விழுந்தது என்ற பேச்சு இரு முறைகளிலும் இல்லை. மேட்ச் பாயின்டில் இன்னொரு ஜோடியை 10 புள்ளியில் முந்தினாலும் 1000 புள்ளியில் முந்தினாலும் கிடைப்பது ஒன்றே. வல்னரபிளாக (பரிசும் தண்டமும் கூடுதலான நிலையில்) நாலு ஸ்பேட், அதாவது ஸ்பேட் துருப்பாகப் பத்து டிரிக், சரியாக எடுத்தால் 620. மூன்று நோ டிரம்பில் (துருப்பில்லாமல் ஒன்பது டிரிக்) ஓர் ஓவர்டிரிக் (கேட்டதற்கு மேல் ஒன்று) எடுத்தால் 630. அந்த 10 புள்ளி மேட்ச் பாயின்டில் உங்களை மேலே தூக்கிவிடும்; இம்ப்பில் அதற்குச் சுழியம். ஆனால் வல்னரபிள் கேம் (கூடுதல் பரிசு தரும் கான்ட்ராக்ட்) ஒன்றை ஏலத்தில் தவறவிட்டால் 10 இம்ப் போகும். துணிந்து கேட்டுத் தோற்றாலோ 6 இம்ப்தான். அதனால்தான் நூற்றுக்கு 38 வாய்ப்பு இருந்தாலே வல்னரபிள் கேமைக் கேட்கலாம் என்கிறோம்.

ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம் வடிந்த பிறகு நடத்திய இரண்டு நாள் டீம் ஆட்டத்தில், கல்லூரியில் படிக்கும் நம் இளைய உறுப்பினர் ஒருவர் ஆறு ஸ்பேட் (பன்னிரண்டு டிரிக் எடுக்க வேண்டிய ஸ்லாம்) ஆடினார். வல்னரபிள். துருப்புக்கு வெளியில் தோற்பதற்கு ஒரு டிரிக்கும் இல்லை. துருப்பில் அவர் கையில் ஏஸ், பத்து, கூடவே மூன்று சிறு சீட்டு. டம்மியில் கிங், ஒன்பது, இரண்டு சிறு சீட்டு. வெளியே இருந்த நாலில் ராணியும் ஜாக்கியும் அடக்கம். ஏஸைப் போட்டுவிடுவார் என்றே சுற்றி நின்றவர்கள் நினைத்தோம். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கையிலிருந்து சிறு சீட்டைப் போட்டார். இடப்பக்கத்தவர் சிறியதைப் போட்டதும் டம்மியில் ஒன்பதை வைத்தார். வலப்பக்கத்து ராணி அதை வெட்டியது. துருப்பு இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்திருந்தது. ஏஸ், கிங் என்று அடித்திருந்தால் பதின்மூன்றும் வந்திருக்கும். 1460 வரவேண்டிய இடத்தில் 1430, அதாவது 1 இம்ப் நஷ்டம். வீண் பயம் என்று அவரைப் பலர் கடிந்துகொண்டதை நானே கேட்டேன்.

அவர் ஆடியதே சரி என்று செயற்குழு சார்பில் இங்கே பதிவு செய்கிறேன். நாலு துருப்பும் ஒரே கையில் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 10. ஏஸை முதலில் அடித்தால், வலப்பக்கம் நாலும் இருக்கும் நூற்றுக்கு 5 வாய்ப்பில் ஆட்டம் விழுந்திருக்கும். விழுந்தால் 1530 புள்ளி, 17 இம்ப். ஒன்பதை வைத்தால் எந்தப் பிரிவிலும் அதிகபட்சம் தோற்பது ஒரே டிரிக். இதே கை மேட்ச் பாயின்டில் வந்தால் ஏஸைத்தான் அடிக்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு பிரிவது நூற்றுக்கு 40. இன்று எந்தக் கணக்கில் ஆடுகிறோம் என்பதை முதல் சீட்டுக்கு முன்பே மனத்தில் வைத்திருந்தாரே, அதுவே திறமை.

கவனம் சிதறும் விதமும் வேறு. மேட்ச் பாயின்டில் எல்லா போர்டுக்கும் ஒரே எடை. சாதாரண இரண்டு ஹார்ட் கான்ட்ராக்டிலும் அசதி காட்ட முடியாது. இம்ப்பில் பல போர்டுகள் சத்தமில்லாமல் போய்விடும், எது பெரிய போர்டு என்று முன்கூட்டித் தெரியாது. அந்த அமைதிதான் ஆளைத் தூங்க வைக்கிறது. நம்மவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் குறை, போன போர்டைப் பற்றிப் பார்ட்னரிடம் அடுத்த ஏலம் தொடங்கிய பிறகும் வாதாடுவது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் உள்ள சுற்றில் ரிவோக் (கேட்ட இனம் கையில் இருந்தும் வேறு இனம் போடும் தவறு) கூடுவதும் தெரிந்ததே. அடுத்த ஆண்டு அந்தச் சுற்றுக்கு முன் காபி இடைவேளை விடுகிறோம். ஏலம் தொடங்கியபின் பழைய போர்டைப் பேசினால் டைரக்டர் (ஆட்ட நடுவர்) எச்சரிப்பார்.

இரு முறைகளையும் மாறி மாறித் தொடரவும், இம்ப் ஆட்டங்களில் ஒரு மேட்சுக்கு 8 போர்டு என்பதை 16 ஆக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. போர்டு கூடினால் ஒரே ஸ்லாம் முடிவைத் தீர்மானிப்பது குறையும். இந்தப் பரிந்துரைகளுக்கும் இவ்வறிக்கைக்கும் பொதுக்குழு ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள்,
செயலாளர்