ஜூன் 30 நெருங்குகிறது: பென்சில்வேனியாவில் ஹோம்ஸ்கூல் நடத்தும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோரே,

வணக்கம். மே மாதம் பிறந்ததும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் எவாலுவேஷன் பேச்சு, அதாவது வீட்டிலேயே படிக்கும் நம் பிள்ளைகளின் வருட முடிவு மதிப்பீட்டைப் பற்றிய பேச்சு, தொடங்கிவிடும். இந்த வருடமும் தொடங்கிவிட்டது. போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: "பிள்ளையோடு பேசாமலே, ஃபார்மை நிரப்பினால் சான்றிதழ் அனுப்பிவிடுகிற எவாலுவேட்டர் யாராவது தெரியுமா?" கீழே நாலைந்து பேர் "எனக்கும் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் கீழே ஓர் அம்மாவின் கவலை. முழு போர்ட்ஃபோலியோவையும் (பிள்ளை வருடம் முழுக்கச் செய்த வேலைகளின் தொகுப்பு) ஸ்கேன் பண்ணி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு, அதாவது வட்டாரப் பள்ளி நிர்வாகத்துக்கு, அனுப்பப் பார்த்தாராம், ஃபைல் பெரிதாக இருப்பதால் மெயில் போகவில்லையாம்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததன் விளைவுதான் இந்த மடல். சட்டம் கேட்கிற ஒன்றிலிருந்து நழுவப் பார்க்கிறோம். கேட்காததை மூட்டை கட்டி அனுப்புகிறோம்.

1988-ஆம் ஆண்டின் 169-ஆம் சட்டம்தான் இந்த மாநிலத்தில் ஹோம்ஸ்கூலுக்கு அடிப்படை. வருடக் கடைசியில் அது எதிர்பார்ப்பது இதுதான்: தகுதியுள்ள எவாலுவேட்டர் ஒருவர் பிள்ளையை நேர்காணல் செய்து, போர்ட்ஃபோலியோவைப் பார்த்து, தகுந்த கல்வி நடக்கிறது என்று எழுத்தில் சான்று தர வேண்டும். அந்தச் சான்று ஜூன் 30-க்குள் டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டென்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு காலத்தில் போர்ட்ஃபோலியோவும் அவர் மேசைக்குப் போனது. 2014-இல் வந்த 196-ஆம் சட்டம் அந்த வேலையை எடுத்துவிட்டது. இப்போது போர்ட்ஃபோலியோவைப் பார்ப்பவர் எவாலுவேட்டர் மட்டுமே. டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போவது அவருடைய சான்று மட்டுமே.

இது தெரிந்தும் ஏன் எல்லாவற்றையும் அனுப்புகிறோம்? நாம் வளர்ந்த விதம் அப்படி. தாலுகா ஆபீசுக்குப் போனால் ரேஷன் கார்டு, டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் மூன்று செட் ஜெராக்ஸ், போதாததற்குக் கெசட்டட் ஆபீசர் கையெழுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அந்தப் பயம் விமானமேறி இங்கேயும் வந்துவிட்டது. ஆனால் இங்கே அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு டிஸ்ட்ரிக்ட்டில் பத்துக் குடும்பங்கள் கேட்காமலே வாசிப்புப் பட்டியலையும் டெஸ்ட் மதிப்பெண்களையும் அனுப்பினால், பதினோராவது குடும்பம் அனுப்பாதபோது அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது குறையாகத் தெரியும். என்னிடமே ஒரு வருடம் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்திலிருந்து, "மற்றவர்கள் தருகிறார்களே" என்று போர்ட்ஃபோலியோ கேட்டார்கள். சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு மரியாதையாகப் பதில் போட்டேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இப்போது அந்த இன்னொரு விஷயம்: பிள்ளையோடு பேசாமலே சான்று வாங்குவது. நேர்காணல் ஒரே அறையில் உட்கார்ந்துதான் நடக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஸூமில் பேசலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். குளிர்காலத்துப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் கார் ஓட்டிய காலம் போனதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் ஆன்லைன் என்பதற்காகப் பேச்சே வேண்டாம் என்று ஆகிவிடாது. பிள்ளையைப் பார்க்காமல், அதன் குரலைக் கேட்காமல் ஒருவர் கையெழுத்துப் போட்டால், நடக்காத நேர்காணலை நடந்ததாகச் சொல்லும் காகிதம் அது. நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் நிற்கப் போவது அவர் இல்லை, நீங்கள்.

அந்தப் பேச்சுக்குப் பயப்படவும் வேண்டாம். தொடக்கப் பள்ளி வயதுப் பாடப் பட்டியலில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், பென்சில்வேனியா வரலாறு இவற்றோடு பாதுகாப்புக் கல்வியும் இருக்கிறது. அதில் தீ விபத்துத் தடுப்பைத் தொடர்ந்து சொல்லித்தரச் சட்டமே தனியாகச் சொல்கிறது. என் மகன் அதற்காகக் கிராஃப் தாளில் எங்கள் வீட்டு வரைபடம் போட்டிருந்தான். ஒவ்வோர் அறையிலிருந்தும் வெளியேற இரண்டு வழிகள், பச்சை அம்புக்குறி. ஸ்மோக் அலாரம் இருக்கும் இடங்களில் நீலப் புள்ளி. மாடியில் பூஜை அலமாரியைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம். எவாலுவேட்டர் ஸூமில் அந்தப் பக்கத்தைத் திறந்து, "இது என்ன?" என்று கேட்டார். அதுவரை "யெஸ்", "நோ" என்று முனகிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பாட்டி விளக்கேற்றிவிட்டுக் கீழே போய்விடுவார், பக்கத்திலேயே கர்ட்டன், ஆகவே விளக்கைத் தாம்பாளத்தில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி விளக்கு வாங்க வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னான். (பாட்டி பேட்டரி விளக்கை ஏற்கவில்லை. கர்ட்டன்தான் போனது.) எவாலுவேட்டருக்குத் தேவைப்பட்டது அந்தப் பேச்சுதான். ஐம்பது வொர்க்‌ஷீட் பார்த்திருந்தாலும் அது கிடைத்திருக்காது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "அந்த எரிமலை ப்ராஜெக்ட்டைச் சொல்லுடா" என்று உதட்டை அசைக்காதீர்கள். பிள்ளையின் கண் உங்கள் பக்கம் போவது திரையில் பளிச்சென்று தெரியும். தண்ணீர் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

போர்ட்ஃபோலியோவைச் சிறியதாக வையுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் வருடத் தொடக்கம், நடு, கடைசி என்று இரண்டு மூன்று மாதிரிகள் போதும். முன்னேற்றம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஃபோனில் படம் எடுத்தால் கை நிழல் விழாமல் ஜன்னலோரம் வைத்து எடுங்கள், தலைகீழ்ப் பக்கங்களைத் திருப்புங்கள், எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். படித்த புத்தகங்களின் பட்டியலைப் பாடம் நடக்க நடக்க எழுதி வர வேண்டும் என்பது சட்டம். மே மாதத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவது அதில் சேராது. தமிழ்ப் புத்தகங்களையும் தயங்காமல் அதில் எழுதுங்கள். தலைப்பை ஆங்கில எழுத்திலும் போட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்தால் எவாலுவேட்டருக்கும் புரியும். பாட்டியோடு சேர்ந்து வாசித்ததும் வாசிப்புதானே.

3, 5, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பு, கணக்கு டெஸ்ட் உண்டு. அதைப் பெற்றோர் நடத்தக் கூடாது. ஆன்லைனில் கண்காணிப்பாளரோடு எழுத வசதி இருக்கிறது, ஆனால் மே கடைசியில் இடம் கிடைப்பது கஷ்டம். இந்த மதிப்பெண்ணும் போர்ட்ஃபோலியோவுக்குள்தான், டிஸ்ட்ரிக்ட்டுக்கு இல்லை.

எவாலுவேட்டர் யார் என்பதிலும் குழப்பம் பார்க்கிறேன். உரிமம் பெற்ற கிளினிக்கல் அல்லது பள்ளி உளவியலாளர், பென்சில்வேனியா சான்றுள்ள ஆசிரியர், இல்லாவிட்டால் தனியார் பள்ளி ஆசிரியர் அல்லது நிர்வாகி. ஆசிரியர்களுக்கு அனுபவ நிபந்தனையும் உண்டு. நியூ ஜெர்சியில் டீச்சராக இருக்கும் அத்தை பாசமாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தாலும், டிஸ்ட்ரிக்ட்டின் முன் அனுமதி இல்லாமல் அது செல்லாது. வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியருக்கும் இதே கதைதான். வீட்டில் பாடம் நடத்தும் பெற்றோரோ அவர் கணவன் மனைவியோ எந்த நிலையிலும் எவாலுவேட்டராக முடியாது. டெலவேர் ஆற்றைத் தாண்டினால் நியூ ஜெர்சியில் இந்த வருட முடிவு எவாலுவேஷனே கிடையாது என்று சிலர் பெருமூச்சு விடுவது எனக்கும் கேட்கிறது. நாம் இருப்பது இந்தக் கரையில்.

சான்று வந்ததும் பெயர், வயது, கல்வியாண்டு சரிபார்த்து டிஸ்ட்ரிக்ட்டுக்கு அனுப்புங்கள். கிடைத்தது என்று பதில் கேட்டு வாங்கி, நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 30 தவறிப்போனால் பதிவுத் தபாலில் கடிதம் வரும். அது கையில் கிடைத்ததிலிருந்து பத்து நாளுக்குள் சான்றைக் கொடுக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்களாக இருக்கும் எவாலுவேட்டர்களுக்கு ஜூன் இரண்டாவது வாரத்துக்கு மேல் மூச்சுவிட நேரமிருக்காது. இன்னும் நாள் குறிக்காதவர்கள் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். வீட்டில் பாடம் நடத்தப் போகிறோம் என்று அடுத்த வருடத்துக்காகத் தரும் அஃபிடவிட்டுக்கு (உறுதிமொழிப் பத்திரம்) ஆகஸ்ட் 1 கெடு. அதைப் பற்றி ஜூலையில் பேசலாம்.

அன்புடன்,
ஃபிலடெல்ஃபியா புறநகரிலிருந்து ஒரு ஹோம்ஸ்கூல் அம்மா