தராசின் முன் உட்காரும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே சிங்கப்பூரில் நாங்கள் இருவரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்து, தேக்கா சந்தைக்கு மறுபடியும் தானே நடந்து போய் வருகிறாள். தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்தும் சொல்ல வராத ஒரு விஷயத்தை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படித்துவிடாமல், நீ தோட்டா நிரப்பும் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நிதானமாகப் படி.

சென்ற டிசம்பரில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் உன் வீட்டில் தங்கியிருந்தபோது, கார் நிறுத்தும் அறையின் மூலையில் நீ துப்பாக்கித் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்புவதைப் பல மாலைகள் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு மாலை, பலகைக் குழிகளில் ஐம்பது பித்தளைக் கூடுகளை நிறுத்தி வரிசையாக மருந்து போட்டுக்கொண்டிருந்தாய். பாதியில் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. பத்து நிமிடம் வெளியே நின்று பேசிவிட்டுத் திரும்பி வந்து, பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விட்டதாக நீ நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தாய். அப்போது மேசையில் வேறொரு மருந்துப் புட்டியும் மூடி திறந்தபடி இருந்தது. மருமகளும் பாப்பாவும் அருகில் இருந்ததால் அன்று நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அது என் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

நீ தந்த பழைய கையேட்டை இங்கே வந்த பிறகு அகராதியை வைத்துக்கொண்டு முழுவதும் படித்துவிட்டேன். துப்பாக்கியைப் பற்றி உனக்குச் சொல்லித்தரும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் சிராங்கூன் சாலைப் பட்டறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பொன் நிறுத்தவன் நான். உன் மேசையில் நடப்பதும் நிறுவைத் தொழில்தான். உன்னுடைய கிரெயின் என்ற எடை ஏறக்குறைய 65 மில்லிகிராம். அந்தக் காலத்தில் பொன் நிறுக்கப் பயன்பட்ட குன்றிமணி ஒன்றே அதைவிடக் கனமானது. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு நீ போடும் மருந்து பெரும்பாலும் நான்கைந்து கிரெயின்தான் என்றாய். அதாவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு சிறிய அளவு பெரும்பாலும் கூட்டின் பாதியைக்கூட நிரப்பாததால், தவறிப்போய் இரண்டாம் முறை போட்டாலும் மருந்து வெளியே வழியாமல் உள்ளேயே அடங்கிவிடும். மேலே குண்டை அழுத்திவிட்டால் வெளியிலிருந்து பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தோட்டாவைச் சுடும்போது, துப்பாக்கி தாங்குவதற்காகச் செய்யப்பட்ட அழுத்தத்தைவிட மிக அதிகமான அழுத்தம் உன் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் உண்டாகும்.

இதற்கு நேர் எதிரான தவறும் அதே அளவு ஆபத்தானது. தேசியச் சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சியில் நமக்குக் கற்பித்த ஒரு பழக்கமே அதில் உனக்கு எதிரியாகும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மருந்தே போடாமல் விட்டுப்போன தோட்டாவில், கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் வெடிப்பு மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவில் சொருகி நிறுத்திவிடும். சத்தம் பொத்தென்று அடங்கிக் கேட்கும், உதைப்பு இருக்காது. நான் எம் 16 ரகத் துப்பாக்கியோடும் நீ சார் 21 ரகத்தோடும் பயிற்சி பெற்றோம். சுடாமல் நின்றால் உடனே இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுடு என்று இருவருடைய கைகளுக்கும் பழக்கிவிட்டார்கள். போர்க்களத்துக்கு அது சரியாக இருக்கலாம். உன் கையால் நிரப்பிய தோட்டாவுக்கு அது சரியல்ல. சொருகி நிற்கும் குண்டின் மீது இரண்டாவது குண்டு போய் மோதினால் குழல் உப்பும் அல்லது வெடிக்கும். சத்தமோ உதைப்போ சற்று மாறியதாகத் தோன்றினாலும் அந்த நொடியே நிறுத்திவிடு. மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ளவும் கூடும். ஆகவே குழலை இலக்குப் பக்கமாகவே வைத்து அரை நிமிடமாவது காத்திரு. பிறகு தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலில் கம்பி விட்டு அது முழுவதும் வெறுமையாக இருக்கிறதா என்று பார். அதன் பிறகுதான் அடுத்தது.

கூடுதலாகப் போட்டதும் போடாமல் விட்டதும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: எதுவரை போட்டோம் என்று நினைவை நம்பும் இடத்தில். எனவே நினைவை இந்த வேலையிலிருந்து முற்றிலும் விலக்கிவிடு. மருந்து போடாத கூடுகளைப் பலகையில் வாய் கீழாகக் கவிழ்த்து வை. ஒன்றை நிமிர்த்தினால் அதற்கு மருந்து போட்ட பிறகே அடுத்ததைத் தொடு. எல்லாம் முடிந்ததும் ஒரு குண்டைக்கூட வைப்பதற்கு முன், விளக்கைப் பிடித்து ஐம்பது கூடுகளின் உள்ளேயும் பார். மட்டம் உயர்ந்ததோ தாழ்ந்ததோ இருந்தால் கண்ணுக்குத் தெரியும். கைபேசி அந்த அறைக்குள் வரவே கூடாது. அழைப்பு வந்தோ பாப்பா கூப்பிட்டோ எழுந்துவிட்டால், திரும்பி வந்ததும் பலகையில் இருப்பதையெல்லாம் புட்டியிலேயே கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கு. பத்து நிமிட வேலை வீணாகும், ஆகட்டும்.

அந்த இரண்டாவது புட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குப் பதினேழு வயதில், வேலை பழகிய ஒரு பட்டறையில், குடிநீர்ப் போத்தலில் யாரோ திராவகத்தை ஊற்றி வைத்திருந்தார்கள், பெயர் எழுதவில்லை. தண்ணீர் என்று நினைத்துக் கையில் ஊற்றிக் கழுவினேன். என் இடது மணிக்கட்டில் நீ சிறு வயதில் தடவித் தடவிக் கேட்ட தழும்பு அதுதான். உன் மேசையில் எந்த நேரத்திலும் ஒரே ஒரு மருந்துப் புட்டி மட்டும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் அளவுக் கருவியில் மிச்சமிருப்பதை அந்தப் புட்டிக்கே திருப்பிவிடு. இரவு முழுவதும் கருவியில் கிடந்து காலையில் எது என்று சந்தேகம் வந்த மருந்தை எதிலும் கலக்காமல் அப்புறப்படுத்து. பெயர்களும் ஏமாற்றும். ஹெச் 4350 என்று ஒரு மருந்து, ஐஎம்ஆர் 4350 என்று இன்னொன்று; எண் ஒன்றாக இருந்தாலும் எரியும் விதம் ஒன்றல்ல, ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது என்று கையேட்டில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணை மட்டும் படிக்காதே. முழுப் பெயரையும் வாய்விட்டுப் படி.

அளவைக் கையேட்டிலிருந்தோ மருந்து தயாரித்த நிறுவனம் வெளியிடும் அட்டவணையிலிருந்தோ மட்டும் எடு. சுடும் இடத்தில் பழக்கமான நண்பர் சொன்னார் என்பதற்காக எடுக்காதே. குறிப்பிட்டுள்ள தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக உயர்த்து; உச்ச அளவில் தொடங்காதே. தொடக்க அளவுக்கும் கீழே போவது எப்போதும் பாதுகாப்பு என்றும் எண்ணிவிடாதே. ஹெச் 110 போன்ற சில மருந்துகளைக் குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். குண்டின் எடை, கூட்டின் வகை, பிரைமர் இவற்றில் எதை மாற்றினாலும் மீண்டும் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். குண்டை எவ்வளவு ஆழம் அழுத்துகிறோம் என்பதும் அதில் சேரும். சிறிய கூட்டில் குண்டு சற்று அதிகமாக உள்ளே போனால் மருந்துக்கு இடம் குறைந்து அழுத்தம் சட்டென்று ஏறிவிடும்.

பித்தளையைப் பற்றி நான் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். அடித்து நீட்டி, சூடேற்றி, மறுபடியும் அடிக்கும் உலோகம் களைத்துப்போகும் என்பதை என் விரல்கள் அறியும். ஒவ்வொரு முறை சுடும்போதும் உன் கூடு விரிகிறது; ஒவ்வொரு முறை அச்சில் அழுத்தும்போதும் சுருங்கி நீள்கிறது. நீளம் வரம்பை மீறினால் வாய்ப்பகுதி குண்டை இறுக்கிப் பிடித்து அழுத்தத்தை ஏற்றும், அளந்து வெட்டிவிடு. அடிப்பகுதிக்குச் சற்று மேலே வெளியே பளபளப்பான வளையம் தெரிந்தால் உள்ளே சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுத்துப் பார். பள்ளம் தட்டினால் அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடு. பித்தளைக்காக மனம் இரங்காதே.

பிரைமர்களை அவற்றின் சொந்தப் பெட்டியிலேயே வை. கண்ணாடிக் குப்பியில் கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்கும்போது மற்றவையும் சேர்ந்து வெடிக்கும். பெட்டியின் அறைகள் தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் அதுதான். இறங்க மறுக்கும் பிரைமரைக் கைப்பலத்தால் அழுத்தாதே. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் நெம்புகோலைத் தொடாதே. மருந்தை இறுக மூடிய இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். திறந்த வெளியில் எரிந்து மட்டும் போகும் பொருள், அடைபட்டால் வெடிக்கும். மூலப் புட்டியோடு மர அலமாரியில் பூட்டி வை. அதையும் கார் அறையில் வைக்காதே. 2023 கோடையில் உங்கள் ஊரில் 31 நாள் தொடர்ந்து 43 பாகைக்கு மேல் வெயில் அடித்தது உனக்கு மறந்திருக்காது. வெப்பம் அந்த மருந்தைக் கெடுக்கும். புளித்த காரமான நெடியோ செம்பழுப்புத் தூளோ இருந்தால் அது கெட்டுவிட்டது என்று அறிந்துகொள்.

பாப்பாவை நினைத்து இதை எழுதுகிறேன். பிரைமர் எரிந்த கரியில் ஈயம் இருக்கிறது. பழைய கூடுகளை மெருகேற்றும்போது எழும் தூசியிலும் அதுதான் இருக்கிறது. ஈயத்தால் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. அந்த மேசையில் தேநீர்கூடக் குடிக்காதே. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிச் சட்டையை மாற்றிய பிறகே அவளைத் தூக்கு.

தீபாவளிக்கு வரும்போது, சுடும் இடத்துக்கு எடுத்துப் போகும் பையை எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுவராதே. மற்றப் பைகளின் மடிப்புகளையும் சட்டைப் பைகளையும் மருமகளை விட்டு இன்னொரு முறை பார்க்கச் சொல். அனுமதியின்றித் தோட்டா வைத்திருப்பவருக்கு இங்கே குறைந்தது ஐந்து ஆண்டுச் சிறையும் ஆறு பிரம்படியும் உண்டு. அங்கே சட்டப்படி நீ செய்யும் பொழுதுபோக்கு இங்கே பெருங்குற்றம். வெற்றுக்கூட்டைக்கூட நினைவுப்பொருளாக எடுத்து வரவேண்டாம். பயிற்சித் தளத்தில் சுட்டு முடித்ததும் கூடுகளை எண்ணி ஒப்படைத்து, கையில் ஒன்றும் இல்லை என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தானே வெளியே வருவோம். அதேபோல் வீட்டை விட்டுக் கிளம்பு.

இந்தக் கடிதத்தோடு ஒரு சிறிய பெட்டி வருகிறது. நான் பட்டறையில் பயன்படுத்திய மில்லிகிராம் எடைக்கற்கள் அதில் இருக்கின்றன. அவற்றைச் சிமிட்டா என்ற சிறு இடுக்கியால் மட்டும் எடு. விரல் பட்டால் எண்ணெய் ஒட்டி எடை மாறும். மின்விசிறியையும் குளிரூட்டியையும் நிறுத்திவிட்டு, உன் மின்தராசைச் சற்று நேரம் ஓடவிட்டு, பூச்சியத்தில் நிறுத்திய பிறகு 200, 100 கற்களைச் சேர்த்து வை, தராசு 4.6 கிரெயின் காட்ட வேண்டும். 500 கல்லுக்கு 7.7 காட்ட வேண்டும். தொடங்கும்போது ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடிக்கும்போது ஒருமுறை வைத்துப் பார்த்து, காட்டிய எண்ணை உன் குறிப்பேட்டில் தேதியோடு எழுது. முதல் நாள் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா