திரை 38 காட்டியது சரி, டேங்க் என்ன சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஹைபிரிட் கார்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மின்மோட்டாரும் பெட்ரோல் என்ஜினும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் விதத்தை நன்றாகவே விளக்கியிருந்தார்கள். ஆனால் கட்டுரையாளர் அடையாறிலிருந்து மயிலாப்பூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘லிட்டருக்கு 38 கி.மீ.’ என்று முடித்துவிட்டாரே, அதில்தான் எனக்கு வழக்கு. திரையில் 38 வந்திருக்கும், சந்தேகமே இல்லை. அந்த எண்ணை நம்பி ஒருவர் ஷோரூமுக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

நானும் ஒரு ஸ்ட்ராங் ஹைபிரிட் (மின்மோட்டாரில் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடிய வகை) வைத்திருக்கிறேன். நங்கநல்லூரில் வீடு, சோழிங்கநல்லூரில் வேலை. வண்டியை அணைக்கும்போது திரையில் வரும் மைலேஜை ஒரு நோட்டில் குறித்துவைப்பது பழக்கம். வீட்டில் இதற்குப் பால் கணக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டில், ஒரே பாதையில் ஒரே ஆள் ஓட்டி, 15-ம் இருக்கிறது, 34-ம் இருக்கிறது.

இதற்கு முக்கியக் காரணம் பேட்டரி. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் கார்களில் இருப்பது 0.76 கிலோவாட் மணி பேட்டரிதான். நம் வீட்டு மின்கட்டணக் கணக்கில் ஒரு யூனிட்கூடக் கிடையாது. புறப்படும்போது அது நிரம்பியிருந்து, போய்ச் சேரும்போது பாதி இறங்கியிருந்தால், ஏறத்தாழ 100 மில்லி பெட்ரோல் செலவாகாமல் தப்பியது போலத் திரை காட்டும். 5 கி.மீ. ஓட்டத்துக்கு மொத்தத் தேவையே கால் லிட்டர் சுமார்தான். அதில் 100 மில்லி என்பது சும்மாவா? திரும்பி வரும்போது என்ஜின் கூடுதலாக ஓடி அந்தக் கடனை அடைக்கும், மைலேஜ் பாதாளத்துக்குப் போகும். திருச்சி வரை போகிறவருக்கு இதே 100 மில்லி கணக்கிலேயே வராது. ஆகவே, ட்ரிப் எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு அந்த எண்ணைச் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு மேல், ட்ரிப் எண்களைக் கூட்டி வகுக்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள். போகும்போது 40, வரும்போது 16, அப்போ சராசரி 28 என்று எங்கள் குடியிருப்பில் ஒருவர் சொன்னார். ஒரு வழிக்கு 10 கி.மீ. என்று வையுங்கள். போகக் கால் லிட்டர், வர 625 மில்லி. மொத்தம் 875 மில்லியில் 20 கி.மீ. ஓடியிருக்கிறது. லிட்டருக்கு 23கூட வரவில்லை! ஐரோப்பாவில் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று எழுதுகிறார்கள். ஒரே தூரமுள்ள ட்ரிப்களை அப்படி எழுதிவைத்தால் நேராகவே கூட்டி வகுத்துக்கொள்ளலாம்.

அதற்காக ட்ரிப் கணக்கே வீண் என்று நான் சொல்லவரவில்லை. பெட்ரோல் எங்கே போகிறது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். கத்திரி வெயிலில், மேடவாக்கம் பக்கம் மெட்ரோ வேலையால் சாலை குறுகிய இடத்தில் மாட்டிக்கொண்டால் பாருங்கள். என்ஜின் அணைந்திருக்கும். ஏசி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். பெட்ரோல் செலவில்லை என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்போம். பேட்டரிக் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். கடைசி ஒன்றிரண்டு மிஞ்சும்போது என்ஜின் தானாக எழுந்துகொள்ளும். வண்டி ஓர் அடிகூட நகர்ந்திருக்காது, ஆனால் திரையில் 24.1, 23.8, 23.5 என்று கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருக்கும். நெரிசலில்தான் ஹைபிரிட்டுக்கு மவுசு என்று கட்டுரையில் இருந்தது. ஊர்ந்து நகரும் நெரிசல் என்றால் சரி. அசையாமல் நின்றுவிட்டால், அதுவும் மே மாதத்தில், அந்தப் பேச்சு செல்லாது.

காலையில் எடுத்ததும் முதல் சில நிமிடங்களும் அப்படித்தான். என்ஜினும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடேற வேண்டும் என்பதற்காக, பேட்டரி நிறைய இருந்தாலும் என்ஜின் ஓடும். தெருமுனைக் கடைக்குப் போய்வந்து 11 வருகிறதே என்று சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் வேறு கதை. செங்கல்பட்டு தாண்டி 80-ல் நிதானமாகப் போனால் எனக்கு 23, 24 கிடைக்கிறது. 100-ஐ ஒட்டிப் போனால் 19, 20தான். மேலே சொன்ன இரண்டு கார்களுக்கும் விளம்பரத்தில் வரும் 27.97 ஆய்வகத்தில் உருளைகள்மேல் ஓட்டி எடுத்த எண். அந்தச் சோதனையில் வேகம் 90-ஐத் தாண்டாது, ஏசியும் போடமாட்டார்கள். சென்னையில் ஏசி போடாமல் யார் கார் ஓட்டுகிறார்கள்?

பெட்ரோலும் முன்பு போல இல்லை. எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், 20 சதவீதம் கலந்த இ20-ல் லிட்டருக்கு ஆற்றலே 6, 7 சதவீதம் குறைவு. பழைய மைலேஜ் எண்களோடு இன்றைய எண்ணை ஒப்பிடும் கட்டுரைகளில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

அடுத்த முறை ஒரு ஹைபிரிட்டை ஓட்டிப் பார்க்கும்போது டேங்க் நிரப்பி, குறைந்தது 300, 400 கி.மீ. ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கு போடுங்கள். அதே பங்க், முடிந்தால் அதே பம்ப். பம்ப் முதல்முறை தானாக நிற்கும் இடத்திலேயே (ஆட்டோ கட்) நிறுத்திவிட வேண்டும். ‘ரவுண்டா போட்டுடவா சார்’ என்று ஊழியர் கேட்பார். அங்கேதான் கணக்கு கெடும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என் காரில் திரை காட்டுவது இந்தக் கணக்கைவிட ஒரு கி.மீ. போலக் கூடுதலாகவே இருக்கிறது. ட்ரிப் எண்ணையும் போடத்தான் போகிறீர்கள் என்றால், புறப்பட்டபோதும் சேர்ந்தபோதும் பேட்டரியில் எத்தனை கோடு, ஏசி எத்தனையில் இருந்தது, எத்தனை மணிக்கு என்பதையும் பக்கத்திலேயே அச்சிட்டால் உபகாரமாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
நங்கநல்லூர், சென்னை-61

பின்குறிப்பு: ஏற்காடு போய்வருகிறவர்கள் இறக்கத்தில் வந்த மைலேஜைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். ஏறும்போது வந்த எண்ணையும் அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பியதும் என்ஜின் திடீரென்று உறுமும். பயப்பட வேண்டாம், அங்கே பெட்ரோல் எரிவதில்லை; வேகத்தைப் பிடித்துவைக்க மோட்டார்தான் அதைச் சுற்றிவிடுகிறது.