‘அந்தப் பிள்ளையைச் சோதித்துப் பாருங்கள்’: செட்டிநாட்டு விளையாட்டுச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தடகளம், கபடி, கைப்பந்துப் போட்டிகளை நடத்தும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

குறுவட்டப் போட்டிகளுக்குச் சுற்றறிக்கை தயாராகும் நேரத்தில் இதை எழுதுகிறோம். ஆதார், பிறப்புச் சான்று, எமிஸ் எண் என்று எல்லாம் அதில் கேட்கிறீர்கள். ஒன்றைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இருப்பதில்லை. மாணவியர் 800 மீட்டரில் ஒரு பிள்ளை மற்றவர்களை முப்பது மீட்டர் பின்னால் விட்டுவிட்டு வந்து முடிக்கிறாள். தோள் அகலம். முடியைக் கத்தரித்திருக்கிறாள். குரல் கொஞ்சம் கட்டை. அடுத்த பள்ளிக்காரர் மேசைக்கு வந்து, "சார், அது பொம்பளைப் பிள்ளைதானான்னு பாருங்க" என்கிறார். மேசையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அதனால் அவரவருக்குத் தோன்றியதைச் செய்கிறார்கள். கூட வந்த ஆசிரியையைக் கூப்பிட்டு, "உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்துட்டு வாங்கம்மா" என்று அனுப்புவதும் அதில் ஒன்று.

அதை இந்த ஆண்டோடு நிறுத்த வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையை ஓர் அறைக்குள் கூட்டிப்போய் உடையை விலக்கிப் பார்ப்பது மருத்துவம் ஆகாது. போக்சோ புகாரில் போய் முடியவும் கூடும். அப்படிப் பார்த்து எதையும் கண்டுபிடிக்கவும் முடியாது. உலகத் தடகளச் சங்கத்தின் விதி கேட்பது உள்ளே இருக்கும் மரபணுவை. அது கண்ணுக்குத் தெரியாது.

பெண்கள் பிரிவுக்கு எல்லையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லை இல்லையென்றால் பெண்கள் பிரிவே இல்லை. 800 மீட்டரில் ஆண்களின் உலகச் சாதனை 1 நிமிடம் 40.91 விநாடி, பெண்களுடையது 1 நிமிடம் 53.28 விநாடி. இடைவெளி 12 விழுக்காட்டுக்கும் மேல். பன்னிரண்டு வயதுவரை பையனுக்கும் பெண்ணுக்கும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதன் பிறகு பையன்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறுகிறது. உயரம், தசை, ஹீமோகுளோபின், எலும்பின் தடிமன் எல்லாம் அதன் பின்னாலேயே வருகின்றன. வளர்ந்த ஆண்களுக்கு அந்த ஹார்மோன் லிட்டருக்கு 7.7 முதல் 29.4 நானோமோல்; பெண்களுக்குப் பொதுவாக 2-க்கும் கீழே. நடுவில் பெரிய பள்ளம். அடுத்த தடத்தில் ஓடும் பெண்ணுக்கு நியாயம் வேண்டும் என்று கேட்பவரைக் கெட்டவராக நாங்கள் நினைக்கவில்லை. அவர் கேட்பது சரி. கேட்கும் இடம்தான் தவறு.

இடம் தவறினால் என்ன நடக்கும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து போன சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். ஓட்டம் முடிந்த பிறகுதான் பாலினச் சோதனை. பதக்கம் போனது. அவருடைய உடம்பைப் பற்றிய செய்தி உலகம் முழுக்கப் போனது. பிறகு செங்கல் சூளையில் வேலை பார்க்கும் நிலைக்கு வந்து, அதிலிருந்து மீண்டு பயிற்சியாளரானார். 2014-இல் ஒடிசாவின் தூத்தி சந்த் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கு முன்னால், ஆண் ஹார்மோன் அளவு கூடுதல் என்று அணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015-இல் அந்த நீதிமன்றம், இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோன் எவ்வளவு சாதகம் தருகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று சொல்லி அப்போதைய விதியை நிறுத்தி வைத்தது. இரண்டிலும் ஒரே தவறு: சோதனையின் தேதி. ஊருக்கே பெயர் தெரிந்த பிறகு சோதித்தால், முடிவு எதுவானாலும் அதை ரகசியமாக வைக்க வழியில்லை.

விதி பலமுறை மாறியிருக்கிறது. பழைய எண்களை வைத்துக்கொண்டு இன்னும் பலர் பேசுவதால் சொல்கிறோம். 1966-இல் வீராங்கனைகளை மருத்துவர்கள் முன் உடையின்றி நிறுத்தினார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கன்னத்து உயிரணுவை நுண்ணோக்கியில் பார்க்கும் முறை வந்தது. 1985-இல் ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பாத்தின்யோ அந்த முறையில் சிக்கினார். வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் ஒய் குரோமோசோம் அவருக்கு இருந்தது. ஆனால் ஆண் ஹார்மோனை அவர் உடம்பு ஏற்கவே இல்லை. 1988-இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. 1996 அட்லாண்டாவில் 3,387 பேரைச் சோதித்ததில் 8 பேருக்கு எஸ்.ஆர்.ஒய். மரபணு (கருவில் ஆண் வளர்ச்சியைத் தொடங்கிவைப்பது, வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருப்பது) இருந்தது; எட்டுப் பேரையும் ஓட விட்டார்கள். சிட்னி 2000-க்கு முன் எல்லோரையும் சோதிக்கும் வழக்கத்தையே கைவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் சந்தேகத்தின் பேரில் சோதிக்கும் காலம். எங்கள் கணிப்பில் எல்லாவற்றிலும் மோசமானது அதுதான். ஏனென்றால் சந்தேகம் எப்போதும் முகத்தையும் முடியையும் பார்த்தே வருகிறது. உலகத் தடகளச் சங்கம் பெண்கள் பிரிவுக்கு வைத்த ஹார்மோன் வரம்பு 2011-இல் லிட்டருக்கு 10 நானோமோல், 2018-இல் சில ஓட்டங்களுக்கு மட்டும் 5, 2023 மார்ச்சில் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் 2.5 என்று இறங்கியது. ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்து வந்த திருநங்கையர் பெண்கள் பிரிவில் சேர முடியாது என்ற விதியும் 2023-இல்தான் வந்தது. 2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் இறங்க எஸ்.ஆர்.ஒய். சோதனை வேண்டும். வாழ்நாளில் ஒரே தடவை.

இதில் நல்லது ஒன்று உண்டு. எல்லோருக்கும் சோதனை என்றாகிவிட்டால் யாரையும் விரல் நீட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அது உயர்மட்டப் போட்டிக்கான விதி. குறுவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் அதைச் செயல்படுத்த யாரும் உங்களை நியமிக்கவில்லை. 12, 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. (பெண்கள் பிரிவில் நடக்கும் அநியாயம் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர்கள், 17 வயதுப் பிரிவில் 19 வயதுப் பிள்ளையை இறக்கும் வயது மோசடியை முதலில் பிடியுங்கள். மாவட்ட அளவில் பதக்கங்களைத் திருடுவது அதுதான்.)

சோதனை எப்படி நடக்கிறது, எங்கே கெட்டுப்போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பி.சி.ஆர். முறைதான். இங்கே குச்சியைக் கன்னத்தின் உள்பக்கம் தேய்ப்பார்கள்; ரத்தத்திலும் பார்க்கலாம். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்து, பிறகு இரண்டு கன்னத்திலும் எடுக்க வேண்டும். பி.சி.ஆர். துளி டி.என்.ஏ.வையும் பல கோடி மடங்கு பெருக்கிக் காட்டும். அதனால்தான் மாதிரி எடுப்பவரோ ஆய்வகத்தில் கையாள்பவரோ ஆணாக இருந்து, கையுறை இல்லாமல் தொட்டாலோ குச்சியின் மேல் தும்மினாலோ அவருடைய ஒய் குரோமோசோம் பிள்ளையின் கணக்கில் ஏறிவிடும். எடுப்பவர் பெண்ணாக இருப்பது கூச்சத்துக்காக மட்டுமல்ல, சோதனையின் துல்லியத்துக்காகவும். அண்ணனிடமிருந்தோ தம்பியிடமிருந்தோ எலும்பு மஜ்ஜை பெற்ற பெண்ணின் ரத்தத்திலும் ஒய் தெரியும். மாதிரி போதவில்லை என்றால் எஸ்.ஆர்.ஒய். இருந்தும் ‘இல்லை’ என்று வரும். ஆகவே, எல்லா மனிதருக்கும் உள்ள வேறொரு மரபணுவையும் கூடவே ஓட்டிப் பார்த்தார்களா என்று ரிப்போர்ட்டில் கவனியுங்கள். அது இல்லாத ரிப்போர்ட் செல்லாது.

‘இல்லை’ என்று வந்தால் அத்தோடு முடிந்தது. ‘இருக்கிறது’ என்று வந்தால் அது தீர்ப்பு அல்ல, தொடக்கம். வேறொரு நாளில் புது மாதிரி. பிறகு ரத்தத்தில் குரோமோசோம் வரிசை, ஹார்மோன்கள், ஸ்கேன். முழுமையான ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பின்மை உள்ள பெண்களுக்கு ஒய் குரோமோசோம் உண்டு, எஸ்.ஆர்.ஒய். உண்டு, ஹார்மோன்கூட ஏராளமாகச் சுரக்கும். ஆனால் ஒரு தசையும் அதைக் கேட்பதில்லை. இன்றைய விதியும் இவர்களுக்குப் பெண்கள் பிரிவில் இடம் கொடுக்கிறது. எஸ்.ஆர்.ஒய். மரபணுவை 1990-இல் கண்டறிந்த குழுவில் இருந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே, அதை மட்டும் வைத்து ஒருவரின் பாலினத்தை முடிவு செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறார்.

ஹார்மோன் ரிப்போர்ட்டைப் பயிற்சியாளர்கள் வாசிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறோம். விதிகளில் இருப்பது நானோமோல். நம் ஊர் ஆய்வகங்கள் பெரும்பாலும் டெசிலிட்டருக்கு நானோகிராம் என்று தருகின்றன. அதை 28.8-ஆல் வகுக்க வேண்டும். பிள்ளையின் தாளில் 80 என்று இருந்து, யாரோ ஒருவருக்கு 2.5 என்ற எண் மட்டும் ஞாபகம் இருந்தால் அந்த வீடே அழும். 80 என்பது 2.8 நானோமோல்தான். நீர்க்கட்டி உள்ள எத்தனையோ பெண்களுக்கு அந்த அளவு வரும். அதற்கும் இந்த விதிக்கும் சம்பந்தமே இல்லை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குச் சில மெஷின்களில் எண் பொய்யாகவே ஏறிக் காட்டும். பெண்களின் குறைந்த அளவைச் சரியாகச் சொல்ல மூலக்கூறுகளை எடையை வைத்துப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறை வேண்டும்.

நம் பக்கத்துக்கென்றே ஒன்று இருக்கிறது. இங்கே ஒரு பெண் வயதுக்கு வந்ததும் தெருவுக்குத் தெரியும், வராததும் தெரியும். பந்தல், தாய்மாமன் சீர், இப்போது ஃபிளெக்ஸ் பேனர். பத்தாம் வகுப்பு முடிந்தும் சடங்கு வைக்காத வீட்டைப் பற்றிப் பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சுதான் பஸ் ஏறி மைதானத்துக்கும் வருகிறது. ஓடுகிற பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் சோறு. காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு எட்டு கிலோமீட்டர் ஓடி, பள்ளிக்குப் போய், மாலையில் மறுபடி ஓடினால் உடம்பில் மிச்சம் எதுவும் இருக்காது. மூளை சினைப்பைக்குப் போகும் சமிக்ஞையை நிறுத்தி வைக்கிறது. கூடவே எலும்பும் மெலிகிறது; காலின் முன் எலும்பில் மயிரிழை விரிசல் விழுவது அதனால்தான். 15 வயது முடிந்தும் வரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அவள் உடம்புக்காக. சங்கத்துக்காக அல்ல.

அரிதாக, காரணம் பிறவியிலேயே இருக்கும். ஃபைவ் ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடு (ஆண் ஹார்மோனை வலுவான வடிவத்துக்கு மாற்றும் நொதி வேலை செய்யாமை) தாய், தந்தை இருவர் பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். சொந்தத்தில் கட்டிக்கொடுக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை தாய்வழியாக வருவது. அக்கா தங்கைக்கும், சித்தி பெரியம்மாவுக்கும் இருக்கலாம். ஆக, ஒரு பிள்ளையின் ரிப்போர்ட் நான்கு வீட்டின் ரகசியம். அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டவர் எத்தனை பேருடைய கல்யாணத்தில் கை வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

அறுவை சிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லக் கூடாது. பிரெஞ்சு மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் வளரும் நாடுகளின் கிராமப்புறங்களிலிருந்து வந்த நான்கு இளம் வீராங்கனைகளைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. உள்ளே இருந்த விரைச்சுரப்பிகளை எடுத்தார்கள். உடல்நலத்துக்குத் தேவையே இல்லாமல் வெளி உறுப்பையும் குறைத்தார்கள். நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரலில், இடைப்பாலினக் குழந்தைகளுக்கு (ஆண், பெண் என்று தெளிவாக வகுக்க முடியாத உடலமைப்போடு பிறந்தவர்கள்) பாலினம் ‘சரிசெய்யும்’ அறுவையைத் தடுக்கச் சொன்னது. ஆகஸ்டில் தமிழக அரசு ஆணையிட்டது. அந்த அக்கறை பதினேழு வயதுப் பிள்ளைக்கும் வேண்டும்.

ஆகவே, நாங்கள் கேட்பது இது. மாநில முகாமுக்கு மேல் போகும் வாய்ப்புள்ள பிள்ளைகள் அனைவருக்கும், ஒருவர் விடாமல், தேர்வுப் பட்டியல் வெளியாவதற்கு முன்பே சோதனையைப் பற்றிச் சொல்லுங்கள். பெற்றோரை உட்காரவைத்து, என்ன சோதிக்கிறார்கள், என்ன வரலாம் என்று ஒரு பெண் மருத்துவர் தமிழில் விளக்கட்டும். கையெழுத்து அதன் பிறகு. வேண்டாம் என்பவர் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள வழி இருக்கட்டும். மாதிரிக் குப்பியில் பெயர் வேண்டாம், எண் போதும். ரிப்போர்ட் பிள்ளையின் கைக்கும் பெற்றோர் கைக்கும் மட்டும். சங்கத்துக்கு வர வேண்டியது ‘தகுதி உண்டு’ என்ற ஒரு சொல். அது வராதவர் பெயர் பட்டியலில் முதலிலிருந்தே இருக்காது, நீக்கவும் வேண்டியிருக்காது. ‘இருக்கிறது’ என்று வந்த பிள்ளைக்கு மதுரையிலோ திருச்சியிலோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையும் மரபணு ஆலோசகரையும் பார்க்கும் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். விடுதி இடத்தையும் உதவித்தொகையையும் அந்த ஆண்டு முடியும்வரை பறிக்கக் கூடாது.

வரும் குறுவட்டச் சுற்றறிக்கையில், ஆட்சேபணை பற்றிய பத்திக்குக் கீழே, இந்த வாசகத்தை அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள்:

"மாணவியர் எவருடைய பாலினம் குறித்தும் வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ ஆட்சேபணை ஏற்கப்படாது. பிறப்புச் சான்றில் உள்ளதே இறுதி. மைதானத்திலோ விடுதியிலோ எந்த மாணவியின் உடலையும் எவரும் பரிசோதிக்கக் கூடாது. மீறும் அலுவலர் போட்டிப் பணியிலிருந்து உடனே விடுவிக்கப்படுவார்."

இப்படிக்கு,
காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் வட்டாரத் தடகளப் பயிற்சியாளர்கள், மருத்துவர்கள், ஆய்வகப் பணியாளர்கள்