அந்தப் பல்லைப் பிடுங்கிவிடாதே

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு இரவு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. பேத்தியின் பிறந்தநாள் படத்தை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். எல்லாரும் சிரிக்கிறார்கள், நீ மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாய். ஏன் என்று கடிதத்தின் கடைசி வரியில்தான் தெரிந்தது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஓட்டை, முன்பல் ஓரத்தில் கறுப்பு, தீபாவளிக்கு முன்னால் இரண்டையும் பிடுங்கிப் போட்டுவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பிடுங்காதே. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஊர்ச் செய்தி சுருக்கமாக: நம் தோட்டத்தில் இப்போது பால்மரம், அந்த ரப்பர் மரம், ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. நாம் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயிலும் அதன் பின்னால் இருக்கும் கிணறும் மட்டும் அப்படியே இருக்கின்றன. எனக்கு முட்டிவலி, மற்றபடி சுகம்.

நம் வீடுகளில் பல் வலித்தால் என்ன செய்வார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சு. அடங்காவிட்டால் உப்புத் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரும் அவருடைய குறடும். என் அம்மா நாற்பது வயதிலேயே பொய்ப்பல் செட்டு போட்டுவிட்டார். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும், அப்புறம் மரம், அப்புறம் பால் ஸ்டோர். பல்லைப் பார்க்க யாருக்கு நேரம்? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் நமக்குச் சீனி கலந்த கெட்டிப் பாலைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தார்கள். அது அன்பு. ஆனால் சொத்தையும் அதில்தான் ஆரம்பித்தது. சொத்தைப் பல்லில் பூச்சி எதுவும் இல்லையடி. வாயில் இருக்கும் கிருமி சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகிறது, அமிலம் பல்லின் மேலோடான எனாமலைக் கரைக்கிறது, அவ்வளவுதான்.

பள்ளிக்கு வந்த பல் மிஸ்ஸியை, அந்தப் பல் தாதியை, நினைவிருக்கிறதா? இப்படிப்பட்ட மிஸ்ஸிகளைப் பயிற்றுவிக்க 1949இல் பினாங்கில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அங்கே படித்தவர்கள்தான் தோட்டம் தோட்டமாக வந்து நம் பல்லைப் பார்த்தார்கள். அன்று உனக்கும் எனக்கும் ஒரே நாளில் வெள்ளி அடைத்தார். நீ அழுதாய், நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னுடையது இன்னும் கெட்டியாக இருக்கிறது.

சரி, என் பல்லுக்கு வருகிறேன். போன வருஷம் மேல்பல் ஒன்றில் கூச்சம். ஒரு கிளினிக்கில் 150 ரிங்கிட் கொடுத்து, பல் நிறத்திலேயே அடைத்துக்கொண்டேன். மூன்றே வாரத்தில் தோசை தின்னும்போது கழன்று வந்துவிட்டது. அந்த டாக்டருக்கு அன்று கூட்டம், அவசரம். என் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்க, பஞ்சைக்கூட மாற்றவில்லை. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த இளம் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வெள்ளி அடைப்பு பள்ளத்துக்குள் சிக்கி நிற்பது. அதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் குடைய வேண்டியிருக்கும். பல் நிற அடைப்பு பல்லோடு ஒட்டி நிற்பது. ஒட்ட வேண்டுமானால் பல் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் பிடிப்பு போய்விடும்.

முதலில் நிறம் பார்த்தார். நாம் புடவைக்கு ரவிக்கைத் துணி மேட்ச் பார்ப்போமே, அந்த மாதிரி ஒரு வரிசைப் பல் மாதிரிகளை என் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பல்லை உலர்த்துவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டுமாம். உலர்ந்த பல் கொஞ்ச நேரத்துக்கு அதிக வெள்ளையாகத் தெரியும், அதை நம்பி நிறம் எடுத்தால் தவறிவிடும். மரத்துப்போக ஊசி போட்டார். அப்புறம் ஒரு மெல்லிய ரப்பர் தாளை வாய்மேல் விரித்தார். அதிலிருக்கும் சின்ன ஓட்டை வழியே அந்த ஒரு பல் மட்டும் தலையை நீட்டியது, மற்றதெல்லாம் தாளுக்கு அடியில். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பால் சொட்டிச் சேரும் மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றும்போது அம்மாவின் கையில் இருந்த வாசனை அது. இந்தத் தாளை 1864இல் அமெரிக்கப் பல் டாக்டர் ஒருவர் கண்டுபிடித்தாராம். நாம் வெட்டிய பால் எங்கெங்கோ டயராகப் போனது என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

சொத்தையை மட்டும் எடுத்துவிட்டு, நீல நிறப் பசை ஒன்றைத் தடவினார். அது பாஸ்பாரிக் அமிலம். சுமார் பதினைந்து விநாடி வைத்திருந்து கழுவி, காற்றடித்ததும் பல் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் அதில் விழுந்திருக்கின்றன, அடைப்பை ஒட்டும் பசை அவற்றுக்குள் இறங்கித்தான் பிடித்துக்கொள்ளும் என்றார். இந்த வழியை 1955இல் புவனோகோர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார். அதற்குச் சில வருஷம் கழித்து போவன் என்பவர் உருவாக்கிய பிசினில் நுண்ணிய கண்ணாடித் துகள் கலந்ததுதான் இன்றைய அடைப்பு. மாவு மாதிரி மெதுவாக இருக்கிறது, நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடுகிறது. இறுகும்போது கொஞ்சம் சுருங்கும் என்பதால் மொத்தமாகத் திணிக்காமல், இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாதபடி அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் விளக்குக் காட்டினார். கடைசியில் கலர்த் தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமாக இருந்த இடத்தைத் தேய்த்து மினுக்கினார். கண்ணாடியில் பார்த்தேன். எந்தப் பல் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்று. நீ கிராம்பு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல். கிராம்பிலிருக்கும் யூஜெனால் இந்தப் பிசினைச் சரியாக இறுக விடாது.

பழைய வெள்ளி அடைப்பை எல்லாம் நோண்டி எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அதில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான், உண்மை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 ஜனவரியிலிருந்து அதை அடைப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டன. ஆனால் நன்றாக இருப்பதை வீணாகக் குடைந்தால் அப்போதுதான் பாதரச ஆவி கிளம்பும், நல்ல பல்லும் தேயும். உடையாதவரை அது பாட்டுக்கு இருக்கட்டும். புது அடைப்பும் சாகாவரம் வாங்கி வந்ததல்ல. பெரிய கடைவாய்ப் பள்ளத்தில் வெள்ளிதான் அதிக நாள் உழைக்கிறது. என் பல் நிற அடைப்பு ஏழெட்டு வருஷம் நன்றாக உழைத்தால் எனக்குத் திருப்தி. வெற்றிலை போட்டாலும் கறுப்புக் கோப்பி அதிகம் குடித்தாலும் ஓரத்தில் கறை ஏறும். உன் வெற்றிலைப் பெட்டியைத்தான் சொல்கிறேன்.

உன் பல் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. குளிர்த் தண்ணீர் பட்டுக் கூசி, உடனே அடங்கிவிட்டால் பெரும்பாலும் அடைத்தே சமாளித்துவிடலாம். தானாகவே இரவில் வலித்து எழுப்பினால் சொத்தை நரம்பு வரை போயிருக்கும், வேர் சிகிச்சை செய்ய வேண்டிவரும். அதற்கும் பயப்படாதே. வேருக்குள் அடைப்பது கெத்தா பெர்ச்சா, நம் காட்டு மரத்துப் பால்தான். 1843இல் சிங்கப்பூரிலிருந்து மாண்ட்கோமரி என்ற டாக்டர் அதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். நான்கே வருஷத்தில் அமெரிக்காவில் ஒருவர் அதை வெளுக்கச் செய்து, சுண்ணாம்பும் படிகக்கல் தூளும் கலந்து பல்லோட்டையை அடைத்துவிட்டார். நம் தாத்தா பாட்டி கப்பல் ஏறி வருமுன்பே இந்த மண்ணின் பால் ஊர் ஊராகப் பல்லில் இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று உன்னிடம் சொல்ல வேண்டும் என்று துடித்தேன்.

உன் பேத்தியையும் காட்டிவிடு. பால்பல்தானே, விழுந்துவிடும் என்று விடாதே. பால்பல் சீக்கிரம் போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, வரவேண்டிய பல்லுக்கு இடம் இல்லாமல் போகும். சின்னப் பிள்ளைகளுக்கு ஃப்ளோரைடு கசியும் வேறொரு வெள்ளை அடைப்பு உண்டு. எச்சில் ஊறும் வாயிலும் அது ஓரளவு பிடிக்கும், விளக்குக்கூட இல்லாமல் இறுகும். என் பேரனுக்கு அதைத்தான் வைத்தார்கள், பத்து நிமிஷத்தில் இறங்கி ஓடிவிட்டான்.

பள்ளி விடுமுறைக்கு இங்கே வருவதாகச் சொன்னாயே, ஒரு வாரம் முன்னதாகவே வா. கிளினிக்கில் காலையிலேயே நம்பர் எடுக்க வேண்டும், நான் முன்னால் போய் எடுத்து வைக்கிறேன். நீ பசியாறிவிட்டு, பல் துலக்கிவிட்டு வந்தால் போதும். ஊசி போடும்போது இந்தத் தடவையும் உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன். எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பக்கத்து லயத்துக்காரி